கழனியும் ஜெபமும்: ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர்

இறைவனை நம்புகிறவர்களில் சிலர் தம் நம்பிக்கையை ஆலயத்திலேயே பத்திரமாக வைத்துவிட்டு வீடு திரும்புகின்றனர். ஏழாம் நாள் வழிபாட்டுக்கும் மற்ற ஆறு நாள் பிழைப்புக்கும் அவர்களிடத்தே தொடர்பு இராது. வேறு சிலர் ஜெபத்திலேயே மூழ்கியிருந்து, அண்டை வீட்டில் உலை ஏறியதா என்று கேளாமலே காலம் கழிக்கின்றனர். இவ்விரண்டும் எளிய வழிகள். அதிகாலையில் மண்டியிட்ட அதே மனிதர் பொழுது விடிந்ததும் எருக்குழியில் இறங்கி நிற்பதும், இரண்டையும் ஒரே தொண்டாக எண்ணுவதும் அரிது. அமெரிக்க நாட்டின் கறுப்பின விஞ்ஞானி ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் அவ்வாறு வாழ்ந்தவர். நிலக்கடலை மேதை என்று பள்ளிப் பாடநூல்கள் அவரை அறிமுகப்படுத்துகின்றன. அந்தப் புகழ் அவருடைய வாழ்வில் ஒரு சிறு பகுதியே. அதிலும் சில செய்திகள் உண்மையல்ல. அவர் தம் விசுவாசத்தை நாள்தோறும் எப்படிக் கைக்கொண்டார், அது எங்கே உறுதியாக நின்றது, எங்கே தடுமாறியது என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மிசௌரி மாநிலத்தில் டயமண்ட் என்னும் சிற்றூருக்கு அருகில் மோசஸ் கார்வர் என்ற வெள்ளைக்கார விவசாயியின் பண்ணையில், 1864-ஆம் ஆண்டை ஒட்டி அவர் பிறந்தார். அடிமைக் குழந்தைகளின் பிறந்த நாளை எவரும் குறித்து வைப்பதில்லை; எனவே அவருடைய வயதை அவரே திட்டமாக அறியார். தாய் மேரியை மோசஸ் கார்வர் 1855-இல் எழுநூறு டாலர் கொடுத்து விலைக்கு வாங்கியிருந்தார். தந்தையும் அக்கம்பக்கத்துப் பண்ணையில் ஓர் அடிமை. மகன் முகத்தைக் காணுமுன்னே விபத்தில் மாண்டார். உள்நாட்டுப் போரின் குழப்பத்தில், கொள்ளைக் கும்பல் ஒன்று இரவில் வந்து தாயையும் கைக்குழந்தையையும் கடத்திச் சென்றது. தேடிச் சென்ற ஆள் குழந்தையை மட்டுமே மீட்டு வந்தான். அதற்குக் கூலியாக மோசஸ் கார்வர் ஒரு குதிரையைக் கொடுத்தார். தாய் என்ன ஆனாள் என்பது கடைசி வரை தெரியவில்லை. கக்குவான் இருமலால் நைந்துபோன அந்தக் குழந்தையையும் அதன் அண்ணனையும் கார்வர் தம்பதியர் தம் வீட்டிலேயே வளர்த்தனர். 1865-இல் மிசௌரியில் அடிமைமுறை ஒழிந்தது.

நோஞ்சான் பிள்ளையாக இருந்தமையால் ஜார்ஜ் வயல் வேலைக்கு உதவவில்லை. எஜமானியோடு இருந்து சமையல், துவைத்தல், தையல், பின்னல் ஆகியவற்றைக் கற்றான். ஓய்வு கிட்டியபோதெல்லாம் காட்டுக்குள் ஓடிச் செடிகொடிகளைப் பறித்து வந்து நட்டு வளர்த்தான். வாடிய செடிகளைத் தேற்றுவதில் அவனுக்கிருந்த கைராசியைக் கண்டு, ஊரார் அவனைச் செடி வைத்தியன் என்றே அழைக்கலாயினர். பத்து வயதளவில் அண்டை வீட்டு வெள்ளைக்காரச் சிறுவன் ஒருவன், தான் ஞாயிறு பள்ளிக்குப் போவதையும் அங்கே ஜெபம் செய்வதையும் பற்றிச் சொன்னான். ஜெபம் என்றால் என்னவென்று அறியாத ஜார்ஜ், அவன் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, தானியக் களஞ்சியத்தின் பரண்மேல் ஏறித் தனியே மண்டியிட்டான். சொற்கள் எதுவும் தெரியாமல் செய்த அந்த ஜெபத்தைத் தம் விசுவாச வாழ்வின் தொடக்கமாக அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

அந்த வட்டாரத்தில் ஒரே கட்டடம் ஞாயிறன்று ஆலயமாகவும் வாரநாட்களில் பள்ளிக்கூடமாகவும் இருந்தது. ஞாயிறன்று கறுப்புச் சிறுவர் உள்ளே போய் உட்காரலாம். திங்களன்று அதே கதவு அவர்களுக்குச் சாத்தப்படும். இறைவன் பெயரால் திறந்த கதவை எழுத்தின் பெயரால் அடைத்த இந்த விந்தையை நம் வாசகர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. எழுத்துக்காக ஜார்ஜ் வீட்டைவிட்டு வெளியேறினான். எட்டு மைல் தொலைவில் நியோஷோ நகரில் கறுப்பர் பள்ளி ஒன்று இருந்தது. அதன் அருகில் குடியிருந்த மரையா வாட்கின்ஸ் என்ற மருத்துவச்சி அவனுக்கு இடமளித்தார். பிள்ளைப்பேறு பார்ப்பதும் துணி வெளுப்பதும் அவ்வம்மையாரின் தொழில். பள்ளி இடைவேளையில் வேலியைத் தாண்டி ஓடிவந்து துணி துவைத்துக்கொண்டே புத்தகத்தைப் பிரித்து வைத்துப் படிப்பது ஜார்ஜின் வழக்கமாயிற்று. கற்க முடிந்ததையெல்லாம் கற்று, அதனைத் தம் மக்களுக்கே திருப்பித் தர வேண்டும் என்று மரையா அவனுக்கு அறிவுறுத்தினார். ஒரு வேதாகமத்தையும் கொடுத்தார். அந்த வேதாகமத்தை அவர் இறுதி நாள் வரை வைத்திருந்தார்.

அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் அலைச்சல். கான்சாஸ் மாநிலத்தில் ஊர் ஊராகச் சென்று சலவை செய்தும் சமைத்தும் படித்தார். 1879-இல் போர்ட் ஸ்காட் என்னும் ஊரில் வெறிகொண்ட கும்பல் ஒரு கறுப்பரைச் சிறையிலிருந்து இழுத்து வந்து கொன்று கொளுத்தியதைக் கண்ணால் கண்டு, அவ்வூரைவிட்டே ஓடினார். உயர்நிலைப் பள்ளி முடிந்து ஹைலண்ட் நகரிலிருந்த கல்லூரி ஒன்றுக்கு 1885-இல் விண்ணப்பித்தபோது, அஞ்சலில் அனுமதி வந்தது. கையிலிருந்த காசையெல்லாம் செலவிட்டு அங்கே போய் நின்றார். முகத்தைப் பார்த்ததும் இடமில்லை என்றனர். கிறிஸ்தவத் திருச்சபையார் நடத்திய கல்லூரி அது. இத்தகைய அடி விழுந்த இளைஞர் பலர் அத்தோடு ஆலயத்தையும் வெறுத்துவிடுவதுண்டு. அதில் குறை காணவும் இயலாது. கார்வர் கல்லூரியின் மீது மனம் கசந்தார். சில ஆண்டுகள் படிப்பையே மறந்து, புல்தரைக் கட்டிகளை அடுக்கி வீடு கட்டிக்கொண்டு மேற்குக் கான்சாசில் நிலம் திருத்திப் பயிரிட்டார். ஆயினும் அக்கதவைச் சாத்தியவர் கடவுள் என்று அவர் ஒருபோதும் எண்ணவில்லை. மனிதர் செய்ததை மனிதர் கணக்கில் எழுதுவது என்ற இந்தத் தெளிவு அவருக்கு இளமையிலேயே வாய்த்திருந்தது.

1890-இல் அயோவா மாநிலத்து இண்டியானோலாவிலிருந்த சிம்ப்சன் கல்லூரி அவரை ஏற்றுக்கொண்டது. அங்கே ஓவியம் பயின்றார். பிழைப்புக்கு மாணவர்களின் துணிகளை வெளுத்தார். மரப்பெட்டிகளே அவருக்கு மேசையும் நாற்காலியும். ஓவிய ஆசிரியை எட்டா பட் என்பவர், மாணவரின் செடிகொடி ஓவியங்களில் கலையைவிடத் தாவர அறிவு மிகுந்திருப்பதைக் கண்டு, தம் தந்தை பேராசிரியராக இருந்த ஏம்ஸ் வேளாண்மைக் கல்லூரிக்குச் செல்லுமாறு வற்புறுத்தினார். கார்வருக்கு ஓவியத்தின்மீது உயிர். 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் அவருடைய ஓவியம் ஒன்று பாராட்டுப் பெற்றது. எனினும் தம் மக்களுக்குப் பயிர்த்தொழிலே உடனடித் தேவை என்று எண்ணித் தூரிகையை இரண்டாம் இடத்தில் வைத்தார். முற்றும் கைவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முதுமை வரை வரைந்துகொண்டும் பின்னிக்கொண்டும் இருந்தார். அழகை வெறுப்பது பக்தி என்று அவர் கருதியதே இல்லை.

1891-இல் அவர் ஏம்ஸ் கல்லூரியில் சேர்ந்தபோது அங்கே அவரே முதல் கறுப்பின மாணவர். உணவுக்கூடத்தில் மற்றவர்களோடு அமர விடாமல், கீழ்த்தளத்தில் பண்ணையாட்களோடு சாப்பிட வைத்தனர். செய்தியறிந்த சிம்ப்சன் கல்லூரி நண்பரான வெள்ளைக்கார மூதாட்டி ஒருவர், தம்மிடமிருந்த நல்லாடையை அணிந்து ரயிலேறி வந்து, கார்வரோடு அந்தக் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து உணவருந்தினார். அதன்பின் நிலைமை மெல்ல மாறிற்று. ஒரு தட்டுச் சோற்றில் நிகழ்ந்த இந்தத் தொண்டுக்கு நிகரான பிரசங்கத்தை நாம் அதிகம் கேட்டிருக்க முடியாது. அதே கல்லூரியில் பேராசிரியராக இருந்து பின்னர் நாட்டின் வேளாண்மை அமைச்சரான ஜேம்ஸ் வில்சனோடு சேர்ந்து வாரந்தோறும் ஜெபக்கூட்டம் நடத்தினார். பகலில் லூயி பேமல் என்ற அறிஞரிடம் பூஞ்சண நோய்களை ஆராய்ந்தார். 1894-இல் இளநிலைப் பட்டமும் 1896-இல் முதுநிலைப் பட்டமும் பெற்றார். வெள்ளையர் கல்லூரியிலேயே நிம்மதியான ஆசிரியப் பதவி காத்திருந்தது.

அவ்வேளையில் அலபாமா மாநிலத்திலிருந்து ஓர் அழைப்பு வந்தது. அழைத்தவர் தாமும் அடிமையாகப் பிறந்த புக்கர் டி. வாஷிங்டன். கறுப்பின மக்களுக்காக அவர் டஸ்கீகியில் 1881-இல் தொடங்கிய கல்வி நிலையத்துக்கு வேளாண்மைத் துறையை அமைக்க ஆள் தேவைப்பட்டது. 1896 அக்டோபரில் கார்வர் அங்குப் போய்ச் சேர்ந்தார். ஆய்வகம் என்று ஒன்றுமில்லை. மாணவர்களை அழைத்துக்கொண்டு குப்பைமேடுகளுக்குச் சென்றார். உடைந்த புட்டிகள், பழைய சட்டிகள், கம்பிகள் ஆகியவற்றைப் பொறுக்கி வந்து, கழுவித் துடைத்து, அவற்றையே கருவிகளாக்கினார்.

சுற்றுப்புறத்து மண் அவரைக் கலங்க வைத்தது. தலைமுறை தலைமுறையாகப் பருத்தி, மீண்டும் பருத்தி என்று விளைத்து மண் சத்திழந்து, மழையில் அரித்துப் பள்ளங்களாகப் பிளந்து கிடந்தது. விடுதலை பெற்ற கறுப்பர் அந்நிலத்தில் வாரச் சாகுபடி செய்தனர். விதை, ஏர்மாடு, உணவு எல்லாம் கடன். அறுவடை முடிந்ததும் நிலக்காரரும் கடைக்காரரும் எடுத்துக்கொண்டது போக மிஞ்சுவது அடுத்த ஆண்டுக்கான கடன்சீட்டு. கடன் கொடுத்தவருக்குப் பருத்திதான் வேண்டும். ஆகவே வீட்டு வாசல் வரை பருத்தி நட்டுவிட்டு, கீரைக்கும் கிழங்குக்கும் இடமில்லாமல், சோள மாவும் கொழுப்பிறைச்சியும் வெல்லப்பாகும் தின்று நோயுற்றனர். விலங்கு கழன்றும் கணக்குப் புத்தகம் கழலவில்லை.

இந்தக் கட்டை உடைக்கக் கார்வர் செய்தவை யாவும் மிக எளியவை. பத்து ஏக்கர் கெட்ட நிலத்தில் சோதனைப் பண்ணை அமைத்தார். மாநில அரசு ஆண்டுக்குத் தந்த தொகை 1,500 டாலர். விலையுயர்ந்த உரங்களை ஏழை வாங்க இயலாது என்பதால், காட்டிலிருந்து சருகும் சதுப்பு நிலத்திலிருந்து வண்டலும் கொண்டுவந்து மக்கவைத்து எருவாக்கும் முறையைக் காட்டினார். தட்டைப்பயறு, நிலக்கடலை போன்ற பயிர்களின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கின்றன. ஆகவே பருத்திக்குப் பின் அவற்றை மாற்றிப் பயிரிட்டால் மண் தேறும் என்று போதித்தார். மணிலாக்கொட்டை விளையும் நம் செம்மண் காட்டு உழவருக்கு இது புதுச் செய்தியன்று. அன்றைய அலபாமாவிலோ நிலக்கடலை பன்றித் தீவனமாகவே மதிக்கப்பட்டது. ஓக் மரக் கொட்டைகளைப் பன்றிகளுக்கு எப்படித் தீவனமாக்குவது என்பதே 1898-இல் வந்த அவருடைய முதற் சிற்றேடு. அதுபோல் நாற்பதுக்கு மேற்பட்ட சிற்றேடுகளை வெளியிட்டார். உழவனுக்குப் பயிர்முறை, ஆசிரியருக்குச் செடியின் இயல்பு, இல்லத்தரசிக்குச் சமையல் முறை என்று மூவருக்கும் ஒரே ஏட்டில் இடமிருக்கும். அப்பகுதியில் கிடைத்த வண்ணக் களிமண்ணைக் குழைத்து, காசு செலவின்றிக் குடிசைச் சுவர்களுக்குப் பூசக் கற்றுக்கொடுத்தார். பசித்தவன் வீட்டுச் சுவரும் அழகாயிருக்கலாம் என்று எண்ணிய சீர்திருத்தக்காரர் எத்தனை பேர்?

கல்வி நிலையத்துக்கு வர இயலாதவரிடம் கல்வியே போக வேண்டும் என்பது டஸ்கீகியின் கொள்கை. வார இறுதிகளில் கார்வர் வண்டியில் கருவிகளை ஏற்றிக்கொண்டு கிராமங்களுக்குச் சென்று வந்தார். 1906-இல் மாரிஸ் ஜெசப் என்ற செல்வரின் நன்கொடையால் அதுவே முறையான நடமாடும் பள்ளியாயிற்று. கலப்பை, பால் கடையும் பொறி, விதைகள் இவற்றோடு அந்த வண்டி தோட்டம் தோட்டமாகச் சென்றது. ஆலயம் விட்டு வெளியே வரும் கூட்டத்துக்கு, ஆலய முற்றத்திலேயே மக்கு எருவைப் பற்றிச் சொல்வதில் கார்வருக்குச் சிறிதும் கூச்சமில்லை.

இனி அவருடைய ஒரு நாளைப் பார்ப்போம். விடியற்காலை நான்கு மணிக்கு எழுவார். காட்டுக்குள் தனியே நடப்பார். அதுவே அவருடைய ஜெப வேளை. சேகரித்த செடிகளோடு திரும்பி வந்து உணவருந்தி, வகுப்புக்குச் செல்வார். பழைய கோட்டு, அதன் மேற்பொத்தான் துளையில் அன்று பறித்த ஒரு பூ. பல நாள் அவரைத் தோட்டக்காரர் என்று எண்ணி வழி கேட்டவர்கள் உண்டு. ஆண்டுக்கு ஆயிரம் டாலர் என்று தொடங்கிய சம்பளத்தில் பெரும்பகுதியைத் தொடாமலே வைத்திருந்தார். மாணவர்க்குக் கட்டணம் குறைந்தால் அதிலிருந்து எடுத்துக் கொடுப்பார். திருமணம் செய்துகொள்ளவில்லை. 1907 அளவில் சில மாணவர்கள் கேட்டுக்கொண்டதன் பேரில் ஞாயிறு மாலைகளில் வேதாகம வகுப்பைத் தொடங்கினார். வருகைக் கட்டாயமில்லாத அந்த வகுப்புக்குக் கூட்டம் பெருகிற்று. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தொடர்ந்து நடந்தது. வேதாகமக் கதையைச் சொல்லும்போது கையில் ஒரு செடியோ கல்லோ இருக்கும். படைப்பைக் கூர்ந்து பாராதவன் படைத்தவரைப் பற்றிப் பேசுவது அரைகுறை அறிவு என்பது அவர் கருத்து.

இவ்வளவு சொன்னபின், அவரைக் குற்றமற்ற மகானாக்கிவிடும் ஆவல் நமக்கு எழலாம். அது அவருக்குச் செய்யும் நீதியாகாது. டஸ்கீகியில் நிர்வாகத்தோடு ஓயாத பிணக்கு. கணக்கு வழக்கை ஒழுங்காக வைப்பதும், ஆட்களை வேலை வாங்குவதும் அவருக்குக் கைவராத கலைகள். அவர் பொறுப்பிலிருந்த கோழிப்பண்ணை மோசமாக நடந்தது. வாஷிங்டன் கடிந்து எழுதினார். கார்வர் மனம் புண்பட்டு ராஜினாமா செய்வதாக ஒருமுறைக்குப் பலமுறை எழுதினார். பாராட்டில் அவருக்கு விருப்பம் உண்டு. சிறு அவமதிப்பும் உறுத்தும். ஆயினும் ஒருமுறையும் போய்விடவில்லை. 1915-இல் வாஷிங்டன் மறைந்தபோது கார்வர் ஆழ்ந்த துயரத்தில் ஆழ்ந்தார். உயிரோடிருந்த காலத்தில் அவர் அருமையை முற்ற உணரவில்லையே என்று வருந்தினார்.

பருத்திக் காய்வண்டு மெக்சிகோ எல்லையிலிருந்து பரவி 1910-ஐ ஒட்டி அலபாமாவுக்குள் நுழைந்து வயல்களை அழித்தது. அப்போதுதான் மாற்றுப் பயிர் என்ற பேச்சுக்கு எல்லோரும் செவிசாய்த்தனர். நிலக்கடலையை 105 விதமாகப் பக்குவம் செய்யும் முறைகளைத் தொகுத்துக் கார்வர் 1916-இல் சிற்றேடு வெளியிட்டார். இறக்குமதியாகும் கடலைக்கு வரி விதிக்க வேண்டி, நிலக்கடலை உற்பத்தியாளர்கள் 1921 ஜனவரியில் அவரை வாஷிங்டன் நகருக்கு, நாட்டுப் பிரதிநிதிகள் சபையின் வரிக்குழுவின் முன் அனுப்பினர். கொடுத்த நேரம் பத்து நிமிடம். உறுப்பினர் ஒருவர் அவர் நிறத்தைச் சுட்டி இழிவாகக் கேலி செய்தார். கார்வர் அமைதி குலையாமல் பெட்டியைத் திறந்து, கடலைப் பால், மாவு, சாயம் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைக்க, குழுவினர் நேரத்தை மீண்டும் மீண்டும் நீட்டித்தனர்; முடிவில் எழுந்து நின்று கைதட்டினர். நாடறிந்த மனிதரானது அன்றுதான். கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் அவர் என்று இன்றும் பலர் எழுதுகின்றனர்; அது தவறு. அவருக்கு முன்பே பிறர் அதற்குக் காப்புரிமை பெற்றிருந்தனர். அவர் காட்டிய நூற்றுக்கணக்கான பொருள்களில் பெரும்பாலானவை தொழிற்சாலைக்குப் போகவும் இல்லை. அவர் தம் பெயரில் பெற்ற காப்புரிமைகள் மூன்றே. குடிசைக்காரனின் கீரைத் தோட்டமே அவருடைய பெருஞ்சாதனை என்பது எம் எண்ணம். அதற்குப் பதக்கம் தருவார் இல்லை.

1924 நவம்பரில் நியூயார்க் நகர ஆலயம் ஒன்றில் அவர் பேசினார். ஆய்வகத்துக்குள் தாம் புத்தகங்களைக் கொண்டு செல்வதில்லை என்றும், செய்ய வேண்டியதும் செய்யும் வழியும் இறைவனால் தமக்கு உணர்த்தப்படுகின்றன என்றும் கூறினார். சில நாட்களில் நியூயார்க் டைம்ஸ் நாளேடு தலையங்கம் எழுதிக் கண்டித்தது. உண்மையான விஞ்ஞானிகள் இப்படிப் பேசமாட்டார்கள். இத்தகைய பேச்சு அவரையும் அவருடைய கல்வி நிலையத்தையும் அவர் இனத்தையும் நகைப்புக்குள்ளாக்கும் என்பது அதன் சாரம். ஒரு வெள்ளை விஞ்ஞானி தவறிப் பேசினால் அவர் தவறினார் என்பார்கள்; கறுப்பர் தவறிப் பேசினால் இனமே தவறியதாகும். கார்வர் துடித்துப்போனார். நாளேட்டுக்கு விடை எழுதினார். இறைவனால் ஏவப்படுதல் கல்வியை விலக்குவதில்லை. அறிவு பெருகப் பெருக ஏவுதலுக்கு இடமும் பெருகும் என்பது அவர் வாதம். தாம் கற்ற கல்லூரிகளையும் பயின்ற அறிஞர்களின் நூல்களையும் பட்டியலிட்டு, இவற்றையெல்லாம் உள்வாங்கிய பின்னரே தாம் இறைவன் முன் நிற்பதாக விளக்கினார். அவருடைய வாழ்நாள் முழுமைக்கும் சேர்த்து அவர் தந்த நேர்மையான விசுவாச அறிக்கை இது என்றே சொல்லலாம். படிப்புக்காகத் துணி துவைத்தவர் படிப்பை இழிவாகப் பேசியிருக்க முடியாது. ஆலய மேடையின் உருக்கத்தில் அவர் ஒரு பாதியை மட்டும் சொல்லிவிட்டார். அஞ்சலில் மறுபாதியையும் சொன்னார். நாளேட்டின் கண்டனத்தில் ஆணவம் இருந்தது மெய். அவருடைய ஆய்வு முறைகளை அவர் போதிய அளவு எழுதி வைக்காததால், பிறர் அவற்றைச் சோதித்துப் பார்க்க வழியின்றிப் போயிற்று என்பதும் மெய்.

மற்றொரு தடுமாற்றமும் உண்டு. இளம்பிள்ளை வாதத்தால் தசை நலிந்த பிள்ளைகளுக்கு அவர் கடலை எண்ணெய் தடவி உருவிவிட்டார், சிலர் தேறினர். 1933 இறுதியில் இது செய்தித்தாள்களில் வந்ததும் நாடெங்குமிருந்து பெற்றோர் டஸ்கீகிக்குத் திரண்டனர். எண்ணெய்க்கு அத்தகைய ஆற்றல் இருந்ததாக மருத்துவ ஆய்வு மெய்ப்பிக்கவில்லை. உருவிவிட்ட கைப்பக்குவமே பயன் தந்திருக்க வேண்டும். வருவோரிடம் கார்வர் காசு வாங்கவில்லை. காலை முதல் இரவு வரை அப்பிள்ளைகளின் கால்களைப் பிடித்துவிட்டார். இரக்கம் நிறைந்திருந்த அந்த இடத்தில், ஏம்ஸ் கல்லூரி கற்பித்த ஐயப்பாடு சற்றே ஒதுங்கி நின்றுவிட்டது.

இனி, இந்த மலரை வாசிப்போர் எல்லோரும் கேட்கக்கூடிய வினாவுக்கு வருவோம். நிறவெறியை அவர் எப்படி எதிர்கொண்டார்? அபாயத்தை அவர் அறியாதவரல்லர். 1902-இல் வெள்ளைக்காரப் பெண் புகைப்படக் கலைஞர் ஒருவர் கறுப்பர் பள்ளிகளைப் படமெடுக்க வந்தபோது, அவரைக் கறுப்பர் அழைத்துச் செல்வது கண்டு ராமர் என்னும் ஊரில் வெள்ளைக் கும்பல் துப்பாக்கியோடு கிளம்பியது. கார்வர் இரவு முழுவதும் நடந்து உயிர் தப்பினார். 1939-இல், புகழின் உச்சியில் இருந்தபோது, நியூயார்க் நகரப் பெரிய ஓட்டல் ஒன்றில் அவருக்காக முன்பதிவு செய்த அறையைத் தர மறுத்துப் பல மணி நேரம் நடைக்கூடத்தில் உட்கார வைத்தனர். செய்தியாளர்கள் கூடிய பின்பே அறை கிடைத்தது. இவை எதையும் அவர் வழக்கு மன்றத்துக்குக் கொண்டு செல்லவில்லை. போராட்ட இயக்கங்களில் சேரவில்லை. பகையை மனத்தில் வளர்த்தால் தம் வேலை கெடும், ஆன்மா கெடும் என்று சொல்லி ஒதுங்கினார்.

அதற்கு மாறாக அவர் செய்த ஒன்று உண்டு. 1923 முதல் பல ஆண்டுகள் தென்மாநில வெள்ளை மாணவர்களின் கிறிஸ்தவ வாலிபர் முகாம்களுக்குச் சென்று பேசினார். கறுப்பரை மனிதராக அதுவரை எண்ணியிராத இளைஞர் பலர் அவரிடம் பழகி மனம் மாறினர். ஆண்டுக்கணக்கில் கடிதம் எழுதினர். அதே 1923-இல் கறுப்பர் உரிமைச் சங்கமும் தன் உயரிய ஸ்பிங்கார்ன் பதக்கத்தை அவருக்கு அளித்தது. ஆயினும் அவருடைய மௌனத்தைக் கண்டித்த கறுப்பினத் தலைவர்கள் பலர் இருந்தனர்; அவர்கள் கண்டித்ததில் நியாயமும் இருந்தது. கார்வரின் பணிவை ஆதிக்கக்காரர்கள் வாயாரப் புகழ்ந்தனர். பூவைச் சூடிக்கொண்டு நிற்கும் அந்த முதியவரைக் காட்டி, மற்றக் கறுப்பரும் இப்படி அடங்கியிருக்கக் கூடாதா என்று கேட்பது அவர்களுக்கு வசதியாயிருந்தது. பகைமையை வெல்வது ஒருவர் தம் உள்ளத்துக்குள் செய்துகொள்ளும் தவம். அதைப் பிறர் மேல் கடமையாகச் சுமத்த எவருக்கும் உரிமையில்லை. கார்வர் வெறுக்காதிருந்ததை நாம் வணங்கலாம். அவர் பேசாதிருந்ததைப் பின்பற்ற வேண்டிய கட்டாயம் நமக்கில்லை. அவர் வாழ்ந்த அலபாமாவில் பேசியவனின் உடல் மரத்தில் தொங்கிய காலம் அது என்பதையும் மறவாமல் இதைச் சொல்கிறோம்.

இந்தியாவோடும் அவருக்குத் தொடர்பு ஏற்பட்டது. தீனபந்து ஆண்ட்ரூஸ் டஸ்கீகிக்கு வந்து அவரைச் சந்தித்தார். அவர் வாயிலாகக் காந்தியடிகளின் உணவு முறைபற்றி அறிந்த கார்வர், தாவர உணவுக் குறிப்புகளையும் தம் சிற்றேடுகளையும் அனுப்பிவைத்தார். ஏழையின் உணவு என்ற ஒரே கவலை அலபாமாவையும் இந்தியாவையும் இணைத்தது.

இறுதி ஆண்டுகளில் உடல் தளர்ந்தது. தொழிலதிபர் ஹென்றி போர்டு நண்பரானார். படியேற இயலாத முதியவருக்காக அவர் தங்கியிருந்த கட்டடத்தில் மின்தூக்கி அமைத்துக்கொடுத்தார். 1940-இல் கார்வர் தம் சேமிப்பைக் கொண்டு டஸ்கீகியில் ஆராய்ச்சி அறநிலையம் ஒன்றை நிறுவினார். எஞ்சியதும் அவர் மறைவுக்குப் பின் அதற்கே சேர்ந்து, மொத்தம் ஏறத்தாழ அறுபதாயிரம் டாலராயிற்று. கந்தலான கோட்டின் பொருள் அப்போதுதான் பலருக்கு விளங்கிற்று. 1943 ஜனவரி 5-ஆம் நாள் அவர் காலமானார். அவ்வாண்டிலேயே அவர் பிறந்த மிசௌரிப் பண்ணையை நாட்டு நினைவிடமாக்கச் சட்டம் இயற்றப்பட்டது. ஒரு கறுப்பருக்கு அமெரிக்க அரசு அவ்வாறு செய்தது அதுவே முதன்முறை. அவரை டஸ்கீகி வளாகத்திலேயே அடக்கம் செய்தனர். கோழிப்பண்ணைக் கணக்குக்காக அவரோடு ஓயாமல் வழக்காடிய புக்கர் வாஷிங்டனின் கல்லறைக்கு அருகிலேயே அவருடைய கல்லறையும் இருக்கிறது.